செரீனாவுக்குப் போட்ட ஊசி

பெண் குழந்தை பிறந்து, ரொறொன்ரோவுக்குப் பக்கத்து நகரமான அஜக்ஸில் இருந்த வீட்டுக்குத் திரும்பிய சில நாட்களிலேயே செரீனாவுக்குக் குளிர்காய்ச்சல் பிடித்தது. அவள் கணவன் ஜெனாட் ரொறொன்ரோ ஆஸ்பத்திரிக்குக் காரை விரட்டினான். கர்ப்பப்பையில் தொற்றிய கிருமி இரத்தத்திலும் பரவிவிட்டதாம். ஜென்டாமைசின் என்ற மருந்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. ஜெனாட் மடு மாதாவுக்கு நன்றி சொல்லி அழுதான்.

ஒரு காலை செரீனா கேட்டாள்:

"ஏன் எல்லாரும் குசுகுசுக்கிறியள்?"

யாரும் குசுகுசுக்கவில்லை. அந்தக் கிழமை முடியுமுன் அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்து மரபணு மருத்துவரிடம் போனபோது, பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் கைபேசி அவள் மடியில் இருந்தது. மருத்துவர் நிதானமாக விளக்கினார்.

"உயிரணுவுக்குள் ரைபோசோம்கள் இருக்கின்றன. மரபணு அனுப்பும் செய்தியை மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, அதன்படி அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்வது அவற்றின் வேலை. இந்த மருந்து கிருமியின் ரைபோசோமில் போய் ஒட்டி, அதைப் பிழையாக வாசிக்க வைக்கும். புரதங்கள் கோணலாகிக் கிருமி சாகும். மனித ரைபோசோம் வேறு மாதிரி என்பதால் நாம் தப்புகிறோம். ஆனால் நமக்குச் சக்தி தரும் மைற்றோகொண்டிரியாவுக்குள் இருக்கும் ரைபோசோம் கிருமியுடையதைப் போன்றது. உங்களுக்கு அதில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் மருந்து அதிலும் ஒட்டிவிட்டது. காதுக்குள் ஒலியை உணரும் அணுக்கள் அதனால் செத்துவிட்டன. அவை திரும்ப முளைக்காது."

"முதலே தெரிஞ்சிருந்தா?" என்றான் ஜெனாட்.

"வேறு மருந்து கொடுத்திருப்போம். இந்த மாற்றம் தாயிடமிருந்து மட்டுமே வரும். உங்கள் மகளுக்கும் இருக்கும். அவளுக்கு இந்த ஊசி போடவே கூடாது. அம்மா வழியில் வேறு யாருக்காவது காது கேட்காமல் போனதா?"

"அண்ணாவுக்கு," என்றாள் செரீனா. "ஆனா அது ஊரில சண்டைக்குள்ள ஷெல் விழுந்து."

அண்ணன் சீமோன் பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருந்தான். சனிக்கிழமை மத்தியானம் குழந்தையைப் பார்க்க வந்தான். செரீனா கைபேசியில் எழுதிக் காட்டினாள்: ஷெல் விழுந்த உடனேயா காது போனது?

சீமோன் ஏற்ற இறக்கமில்லாத குரலில் பேசினான். கைபேசி அதை எழுத்தாக்கியது.

"இல்லை. ஷெல் விழுந்தாப் பிறகும் கேட்டது. அம்மா கத்திக் குழறினது கேட்டது. கால் காயம் பழுத்துப் போச்செண்டு ஆஸ்பத்திரியில ஊசி போட்டவங்கள். அதுக்குப் பிறகுதான் எல்லாம் மங்கினது."

ஏன் சொல்லேல்ல? என்று அவள் எழுதினாள்.

"சொன்னனான். ஊசியால காது போகுமோ எண்டு அம்மா ஏசினவ. செத்துப்போகும் வரைக்கும் ஷெல் எண்டுதான் சொன்னவ. வேற ஒருத்தரும் கேக்கேல்ல."

அவள் மருத்துவர் சொன்னதை எழுதிக் காட்டினாள். சீமோன் இரண்டு தரம் வாசித்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு குழறினான். "நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கோணும், பிள்ளை."

செரீனா அவன் கைகளைப் பிடித்து இறுக்கினாள். அவளும் வாய்விட்டு அழுதாள். ஒருவர் அழுவது மற்றவருக்குக் கேட்கவில்லை.

மேல்மாடியில் குழந்தை விழித்துக் கத்தியது. ஜெனாட் ஓடிப்போய்த் தூக்கி வந்தான். குளிர்காலத்தில் செரீனாவின் காதுக்குள் கருவி வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கேட்குமாம், ஆனால் குரல்கள் முந்தி மாதிரி இராதாம்.

மகளின் திறந்த வாயையே அவள் பார்த்தாள்.

"எப்பிடி அழுறாள்? சொல்லுங்கோ."

ஜெனாட் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். கடைசியில் 'பசிக்குது போல' என்று மட்டும் காட்டினான்.

செரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.