எழுபத்து நாலாம் கட்டுரை

அந்த மாநாட்டுக்கு வந்த கட்டுரைகள் மொத்தம் நூற்றுப் பதினெட்டு. அதில் நூற்றுப் பதினேழு சமர்த்தாகத் தொகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டன. எழுபத்து நாலாவது மட்டும் ஐந்து நாளாக அவள் உயிரை வாங்கியது.

வீட்டு முன்னறையில் இரண்டு கணினிகளைப் போட்டு, அறிவியல் மாநாடுகளுக்கு மின்தொகுப்பு தயாரித்துக் கொடுப்பதுதான் அவளுக்கும் அவள் நாத்தனாருக்கும் தொழில். கட்டுரையாளர்களுக்கு அவள் அனுப்பும் விதிகள் ஒரே பக்கம்: ஓரத்தில் இவ்வளவு இடம் விடுங்கள், பக்க எண் போடாதீர்கள், எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்து அனுப்புங்கள், பூட்டுப் போடாதீர்கள். அவள் காட்டும் கண்டிப்பைப் பார்த்து அவளுக்கு 'மார்ஜின் மேடம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எழுபத்து நாலை எழுதிய மருந்தியல் பேராசிரியர் அந்தப் பக்கத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. முதலில் பக்க எண்ணோடு வந்தது. அடுத்தது ஓரமே இல்லாமல். மூன்றாவது தடவை அச்செடுத்து, கோணல்மாணலாக ஸ்கேன் செய்து அனுப்பினார். நாலாவதில் பாஸ்வேர்ட். கேட்டால், "மறந்துபோச்சும்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தாவது வந்தது. எழுத்துரு பதியவில்லை.

"அண்ணி, பல்லைக் கடிக்காதீங்க, எனக்கு இங்க கேக்குது," என்றாள் நாத்தனார்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குத் தொகுப்பை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். இனிமேலும் இவரோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. கோப்பைத் தானே சரிசெய்தாள். இல்லாத எழுத்துருவுக்குப் பதில் வேறொன்றைப் போட ஒரு பொத்தான் இருந்தது; அரை நிமிட வேலை. பார்த்துச் சொல்லும்படி அவருக்கு அனுப்பினாள். பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"என்னம்மா இது, எலிக்கு அஞ்சு மைக்ரோகிராம் குடுத்தேன்னு எழுதியிருந்தேன். நீங்க மில்லிகிராம்னு போட்டிருக்கீங்க. ஆயிரம் மடங்கு! எலி அங்கேயே மண்டையைப் போட்டிருக்கும்."

"நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடலை சார்! ஒரு பக்க விதியைப் படிக்க உங்களுக்கு நேரமில்லை, என்கிட்ட வந்து தப்பு கண்டுபிடிக்கிறீங்களா?" அஞ்சு நாள் ஆத்திரம் மொத்தமும் ஒரே மூச்சில் கொட்டியது.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "திட்டறதைத் திட்டுங்க. வேற யாரோடதையாவது இதே மாதிரி சரிபண்ணீங்களா? அதையும் ஒரு தடவை பாத்துடுங்க."

போனைப் பட்டென்று வைத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. போன வாரம் அதே பொத்தானால் சரிசெய்திருந்த முப்பத்தொன்றாவது கட்டுரையைத் திறந்தாள். மைக்ரோவுக்கான μ குறி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் மில்லிக்கான m ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. மற்றவற்றையும் வரிசையாகத் திறந்து பார்த்தாள். எழுத்துரு மாறியபோது குறியும் மாறியிருக்கிறது. அந்தப் பொத்தானை அவள் அழுத்தியது மொத்தம் பத்தொன்பது கட்டுரைகளில். மற்ற பதினெட்டுப் பேரும் திறந்துகூடப் பார்க்காமல் 'சரி' என்று பதில் போட்டிருந்தார்கள்.

பேராசிரியரைக் கூப்பிட்டாள். "சார், மத்தவங்களோடதுலயும் மாறியிருக்கு," என்றாள்.

"எத்தனை?"

"பத்தொன்பது."

"வீடு எங்கம்மா இருக்கு?"

முக்கால் மணி நேரத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிகளோடு வந்து நின்றார். சரியான எழுத்துருவைத் தேடிப் பிடித்து அவள் ஒவ்வொன்றாகத் திருத்த, அவர் திரையில் விரலை வைத்து, குறி குறியாகச் சரிபார்த்தார். அதிலும் சும்மா இருந்தாரா? "இந்த ஆள் கமாவை எங்க போட்டிருக்கார் பாருங்க!" என்று அடுத்தவர் கட்டுரைகளையும் திருத்தக் கிளம்பினார். "சார், குறி மட்டும்!" என்று நாத்தனார் நாலு தடவை கெஞ்ச வேண்டியிருந்தது. நாலு மணி ஆகியும் தொகுப்பு திறக்கவில்லை என்று மாநாட்டுச் செயலாளர் போனில் தாம்தூம் என்று குதித்தார்.

"தப்பு என்னோடது சார். அஞ்சு மணிக்குத் திறந்துடும்," என்றாள் அவள். சமாளிக்கக் காரணம் எதையும் தேடவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே தொகுப்பு திறந்தது.

"காலையில அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார். மன்னிச்சுடுங்க."

"விடும்மா, நான் விதியைப் படிக்காததும் நிஜந்தானே." பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். "முடிவுரையில ரெண்டே ரெண்டு வரி மாத்தியிருக்கேன். இதை மட்டும்..."

அவள் கையை நீட்டி அதை வாங்கினாள். மேசை இழுப்பறையில் போட்டு, பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"மாநாடு முடிஞ்சதும் வந்து வாங்கிக்கோங்க சார்."