அந்த 'அவர்கள்' யார்?

மஹ்தியா என்கிற கடலோர ஊரின் உயர்நிலைப் பள்ளியில் முனீரா அரபு இலக்கணம் நடத்த ஆரம்பித்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஊரில் மீன் விற்கிறவன், பல் பிடுங்குகிறவன், போலீஸ்காரன் என்று யாரைப் பார்த்தாலும் அவன் பரீட்சைத் தாளில் எழுவாயை எங்கே தொலைத்தான் என்பதுதான் அவளுக்கு முதலில் ஞாபகம் வரும். அரசியல் பேச மாட்டாள். வீட்டில் அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள்.

கணவர் மப்ரூக் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சங்கத்தில் ஊறியவர். அதிபர் டிவியில் வந்தால் செருப்பைத் தேடுவார். அவருடைய தம்பி லமீன் டாக்சி ஓட்டுகிறவன். அதிபரைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால், பின் சீட்டில் ஆள் இருந்தாலும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சண்டைக்குத் திரும்புவான். இருவரும் தினமும் சாயங்காலம் துறைமுகத்துக்கு எதிரே அம்மாரின் காப்பிக்கடையில் மோதிக்கொள்வார்கள். மோதி முடித்ததும் ஒரே டாக்சியில் வீடு திரும்புவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் முனீரா கணவாய் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, லமீன் பின்வாசல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அண்ணி, அண்ணன் இல்லையே?"

"மார்க்கெட் போயிருக்கார். என்ன திருடன் மாதிரி வர்றே?"

"தர்பூசணி கொண்டு வந்திருக்கேன். அதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் கேளுங்க." போனை அவள் காதருகே பிடித்தான். முந்தைய நாள் அதிபர் ஆற்றிய உரை.

அந்த மனிதர் தெருவில் பேசுகிற மொழியில் பேசுவதே இல்லை. புத்தகத்தில் இருக்கிற அரபு, அதுவும் விகுதி ஒன்றுகூடச் சிந்தாமல், கல்வெட்டு படிக்கிற குரலில். முனீராவின் கை நின்றது. இரண்டு பேரைக் குறிக்கும் இருமை வினை ஒன்று வந்தது. இந்த நாட்டில் அதை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் அவளும் இன்னும் நாலு பேரும்தான்.

"இருமையைச் சரியாப் போடறாரே!" என்றாள், தன்னை அறியாமல்.

"பாத்தீங்களா! நீங்களே பாராட்டறீங்க!"

"வினையைப் பாராட்டினேன்டா. ஆளை இல்லை. சரி, எனக்கு எதுக்கு இதைப் போட்டுக் காட்டறே?"

லமீன் நாற்காலியில் உட்கார்ந்தான். "நேத்து அண்ணன் கடையில வெச்சு மானத்தை வாங்கிட்டார் அண்ணி. 'முக்கால் மணி நேரம் பேசினாரே உன் தலைவர், அதுல ஒரே ஒரு விஷயம் சொல்லு பாப்போம்'ங்கறார். திருடனுங்களை விட மாட்டேன்னு சொன்னார்னேன். 'அது போன வாரம்டா'ங்கறார். கடையே சிரிக்குது."

"நேத்து என்னதான் சொன்னாராம்?"

"அதைத்தானே உங்ககிட்ட கேக்க வந்தேன்!"

முனீரா சிரித்த சிரிப்பில் கணவாய் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. "புரியாத ஆளுக்கா இத்தனை நாளா கொடி பிடிக்கறே?"

"பாட்டு புரிஞ்சா கேக்கறோம்?" என்றான் லமீன். பிறகு குரலைத் தணித்தான். "சொந்த டாக்சி பெர்மிட்டுக்கு நான் எழுதிப் போட்டு பதினோரு வருஷம் ஆச்சு அண்ணி. நம்ம ஊர் பாராளுமன்ற உறுப்பினரோட மச்சான், ஸ்டியரிங்கைப் பிடிக்கவே தெரியாதவன், அவனுக்கு மூணு பெர்மிட். இந்த மனுஷனும் எனக்கு ஒண்ணும் குடுத்துடலை. ஆனா இவர் பாராளுமன்றத்தைப் பூட்டின அன்னைக்கு அந்த மச்சான் மூஞ்சியைப் பாத்தேன் பாருங்க, தண்ணியில்லாத மீன் மாதிரி. எனக்கு அது போதும்."

பாராளுமன்றத்தைப் பூட்டியது முனீராவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவளுக்கு அதைவிடப் பிடிக்காத விஷயம், ஒரு வாக்கியத்தை அரைகுறையாகப் புரிந்துகொள்வது. கையைக் கழுவிவிட்டு வந்து, உரையை வரிவரியாகப் பிரித்துப் போட்டாள். ரொட்டி விலையை ஏற்றினால்தான் கடன் தருவோம் என்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு முடியாது என்று ஏன் சொல்கிறார், ஊர் மக்களே பங்கு போட்டு நடத்தும் கம்பெனி என்றால் என்ன, இறையாண்மை என்பது என்ன சொல். இருபத்தாறு வருஷமாக நிபந்தனை வாக்கியத்துக்கு அவள் சொல்லிவரும் உதாரணத்தையும் சொன்னாள்: "கிணத்துல பூனை விழுந்து செத்துப்போனா, தண்ணி முழுசையும் இறைச்சாத்தான் குடிக்க முடியும். பாராளுமன்றத்தைப் பூட்டினதுக்கு அவர் சொல்ற நியாயம் அதுதான்."

லமீன் அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான். தர்பூசணியை இறக்க மறந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் மப்ரூக் தொப்பியைக் கழற்றி சோபாவில் எறிந்தார்.

"இன்னைக்கு நம்ம லமீன் பேசினான் முனீரா. பேசினான்னா பேசினான்! அவன் வாயில 'இறையாண்மை'ன்னு ஒரு சொல் வருது! டயர் விலையைத் தவிர வேற எதுவும் தெரியாத பய! அம்மார் அவனுக்கு ஓசியில காப்பி வேற குடுக்கறான்."

"அப்படியா?" என்றாள் முனீரா, ஹரிஸா மிளகாய் விழுது டப்பாவின் மூடியை வெகு கவனமாகத் திறந்தபடி.

சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, முற்றத்துச் செடிக்குத் தண்ணீரும் விட்டபிறகு மப்ரூக் மெதுவாக ஆரம்பித்தார். "நீ சும்மா இருக்கற நேரத்துல அந்தப் பேச்சைக் கேட்டு, எங்கெங்க ஓட்டை இருக்குன்னு சொல்லேன்."

"உங்களுக்கும் புரியலையா?"

"சாராம்சம் புரிஞ்சுது."

"என்ன சாராம்சம்?"

மப்ரூக் கூரையைப் பார்த்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தபால் ஆபீசில் எல்லாமே பிரெஞ்சு. ஒரு வருஷமாகத் தன் கணவர் அதிபரை ஒரு வரிகூடப் புரியாமல் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது முனீராவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவருக்கும் பாடம் எடுத்தாள். ரொட்டி விலை ஏறவில்லை, வரிசைதான் ஏறியிருக்கிறது. மக்கள் கம்பெனிக்குத் தலைவரை யார் நியமிப்பது? அதிபர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம், நாளைக்குக் கெட்டவர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தால் அவரை யார் கேள்வி கேட்பது? "கிணத்துல பூனை விழுந்தா பூனையைத்தான் தூக்கிப் போடணும். கிணத்தையே மூடிட்டா குடிக்கறதுக்கு எங்க போவோம்?"

"ஆகா!" என்றார் மப்ரூக். காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

இப்படி மூன்று வாரம் நடந்தது. செவ்வாய் மதியம் தம்பி, அன்றே ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன். காப்பிக்கடையில் இப்போது ரம்மிச் சீட்டைக்கூட மூடி வைத்துவிட்டு இவர்களைக் கேட்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். கடையில் முனீராவே தன்னோடு வாதாடிக்கொண்டிருக்கிறாள், இரண்டு ஆண்கள் அவளுக்காக வாயசைக்கிறார்கள். முனீராவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையும் இவ்வளவு ஆர்வமாகக் குறிப்பெடுத்ததில்லை.

நாலாவது வாரம் டாக்சி வந்து நின்றது. இரண்டு பக்கக் கதவும் ஒரே நேரத்தில் அறைந்து சாத்தப்பட்ட சத்தம் சமையலறைவரை கேட்டது.

"பூனை!" என்றார் மப்ரூக் வாசலில் நின்றே.

"பூனை அண்ணி, பூனை!" என்றான் லமீன் அவருக்குப் பின்னாலிருந்து.

நடந்தது இதுதான். மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த பூனையை இன்றுதான் எடுத்துவிட்டு, லமீன் கிணற்றை இறைத்திருக்கிறான். மறு நிமிஷமே மப்ரூக் கிணற்றை மூடக்கூடாது என்று எழுந்திருக்கிறார். காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அம்மார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டான். "இது முனீரா டீச்சர் பூனை! ஒன்பதாம் வகுப்பு, நிபந்தனை வாக்கியம்! இந்தப் பூனையை எழுதாம விட்டு நான் ஃபெயிலானேன்!" என்று கத்தியிருக்கிறான். கடையில் பாதிப்பேர் அதே வகுப்பில் படித்தவர்கள். சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனதாம்.

"முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். எதிரிக்கு ஆயுதம் குடுத்திருக்கே!" என்றார் மப்ரூக்.

"எதிரியா? அவரா நானா அண்ணி? சொல்லுங்க, நீங்க யார் பக்கம்?"

"வகுப்புல ரெண்டு வரிசைக்கும் ஒரே பாடம்தான்," என்றாள் முனீரா. "மார்க்குதான் வேற வேற. சாப்பிட உக்காருங்க, குஸ்குஸ் ஆறுது."

சண்டை பிடித்தபடியே இரண்டு பேரும் தட்டை வழித்தார்கள். கடைசியில்தான் லமீன் சொன்னான்: அம்மார் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். வியாழக்கிழமை சாயங்காலம், அதிபரின் புது அரசியல் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்கிற ஓட்டெடுப்புக்கு முந்தின கடைசி உரை. தரகர்கள் வழியாகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, டீச்சரே நேரில் வந்து சொல்லட்டும் என்று கடையில் எல்லாரும் சேர்ந்து கேட்கிறார்களாம்.

அம்மாரின் கடையில் பெண்கள் உட்காருவது வழக்கமில்லை. இருபத்தாறு வருஷமாக அந்த வாசலைக் கடந்துதான் முனீரா பள்ளிக்குப் போகிறாள், உள்ளே சுவர் என்ன நிறம் என்று தெரியாது. வியாழக்கிழமை போனபோது தெரிந்தது, பச்சை. அம்மார் நாற்காலியை மூன்று முறை துடைத்தான். பல் டாக்டர் சிகரெட்டை மேசைக்கு அடியில் ஒளித்தார். அவருக்கு நாற்பத்தொரு வயது.

டிவியில் உரை ஆரம்பித்தது. அதிபர் ஒரு வாக்கியம் சொல்லி மூச்சு வாங்குகிற இடைவெளியில் முனீரா அதைத் தெருப்பேச்சில் இறக்கிச் சொன்னாள். கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. அப்போது ஒரு நீண்ட வாக்கியம் வந்தது.

"அவங்க உங்க ரொட்டியைப் பறிச்சாங்க. அவங்க மறைவாக் கூடிப் பேசறாங்க. அவங்க யாருன்னு நமக்குத் தெரியும், அவங்களை விடப்போறதில்லை," என்றவள் சட்டென்று நின்றாள். "இருங்க. யார் இந்த 'அவங்க'? முன்னாடி எங்கயும் பேர் வரலையே. பேர் இல்லாம பிரதிப்பெயர் வரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? யாருக்காவது தெரியுமா? கையைத் தூக்கிட்டுச் சொல்லுங்க."

பழக்க தோஷம், எல்லாக் கையும் எழுந்தது.

"பெரிய இழுவைப் படகு வெச்சிருக்கறவனுங்க, டீச்சர்!" என்றான் ஒரு மீனவன்.

"சர்க்கரை பதுக்கறவனுங்க!" இது அம்மார்.

"வரி ஆபீஸ்," என்றார் பல் டாக்டர்.

"என் மாமனார் வீட்டுக்காரங்க," என்று மூலையிலிருந்து ஒரு குரல்.

லமீன் சொல்ல வேண்டியதே இல்லை, பெர்மிட் மச்சானின் பெயரைக் கடை முழுவதும் சேர்ந்து சொன்னது. சிரிப்புக்கு நடுவே முனீரா பார்த்தாள், மப்ரூக்கின் கையும் மேலே இருந்தது.

"நீங்க எதிர்க்கட்சி ஆச்சே!"

"அந்த தபால் டைரக்டர்," என்று முணுமுணுத்தார் மப்ரூக். "என்னை ரெண்டு வருஷம் முன்னாடியே வீட்டுக்கு அனுப்பினானே. கை தானா எழும்பிடுச்சு."

லமீன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னான்: "அதுதான் அண்ணி விஷயம். இவர் வாக்கியத்துல எல்லாருக்கும் ஒரு இடம் இருக்கு. இதுக்கு முன்னாடி பேசினாங்களே, அண்ணனோட ஆளுங்க, அவங்க பேச்சுல எங்களுக்கு எழுவாயும் இல்லை, பயனிலையும் இல்லை. நாங்க பாட்டுக்கு வெளியில நின்னோம்."

மப்ரூக் காப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். தலைமையாசிரியர் பட்டியலில் இரண்டு தடவை தன் பெயரை அடித்த கல்வி அதிகாரியின் முகம் முனீராவுக்கு நினைவு வந்தது. அவள் கையைத் தூக்கவில்லை. ஆனால் விரல் லேசாகத் துடித்தது நிஜம்.

"நீ சொல்றது சரிதான்டா," என்றாள் கடைசியில். "ஆனா வெற்றிடத்தை நிரப்பறது நீங்க. நாளைக்கு அவர் அந்த இடத்துல டாக்சிக்காரங்கன்னு நிரப்பினா?"

"அப்ப நான் அண்ணன் பக்கம் வந்துடறேன்," என்றான் லமீன். கடை மறுபடியும் சிரித்தது. அதிபர் யாரும் கவனிக்காமலே உரையை முடித்துக்கொண்டார்.

ஓட்டெடுப்பு நாளன்று வெயில் கொளுத்தியது. மப்ரூக் புறக்கணிப்பதாக ஊருக்கே அறிவித்துவிட்டு வீட்டில் இருந்தார். புறக்கணிப்பதற்கு எதற்கு இஸ்திரி போட்ட சட்டை என்று முனீரா கேட்கவில்லை. லமீன் வந்து அவளை வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனான். அவளுடைய பள்ளிக்கூடமேதான் சாவடி. அவளுடைய வகுப்பறையில்தான் பெட்டி.

திரும்பும்போது அவன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான், "அண்ணி, எதுல போட்டீங்க?"

"பெட்டியில."

"அண்ணி!"

"ரோட்டைப் பாத்து ஓட்டுடா."

வாசலிலேயே மப்ரூக் நின்றார். "கூட்டம் இருந்துச்சா?"

"நிழலுக்கு ஒதுங்கின ஆடுகளையும் சேர்த்தா பதினேழு," என்றாள் முனீரா.

"பாத்தியா! மக்கள் வரலை!"

"வெயில்ணே! சாயங்காலம் வருவாங்க!"

"சாயங்காலம் கடலுக்குக் குளிக்கப் போவாங்க!"

"பதினேழு பேர் வந்தாலும் மக்கள் மக்கள்தான்!"

இருவரும் டாக்சியின் இருபுறமும் நின்று கூரையைத் தட்டித் தட்டி வாதாடினார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முனீராவுக்குத் தலை வலித்தது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க போறே?" என்றார் மப்ரூக்.

"அம்மார் கடைக்கு. அவன்கிட்ட சர்க்கரை வந்திருக்காம். நீங்க ரெண்டு பேரும் முடிச்சுட்டு நடந்து வாங்க. சாவியைக் குடுடா லமீன்."

லமீன் திகைத்துப்போய், "உங்களுக்கு ஓட்டத் தெரியுமா அண்ணி?" என்றான்.

"தெரியாது," என்றாள் முனீரா. "அதனாலதான் சொல்றேன், நான் கிளப்பறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சீக்கிரம் ஏறுங்க."