முன்னுக்கு இரண்டு பல்

கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது. இதை என் மனைவி சுதர்சினி பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அவிசாவளைக்கு அப்பால், ஓர் இறப்பர் தோட்டத்து ஏற்றத்தில்தான் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது.

அவள் வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்புகளில் கணிதம் படிப்பிக்கிறாள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். மலை ஏறுவதென்றால் உயிர். ஏழு வருடத்துக்கு முன் காலி வீதியில் நடந்த விபத்தில் வலது கால் பலமிழந்தது. ஏறுவது நின்றுபோனது. போன வருடம் தன் சேமிப்பில் பழைய ஏ.டி.வி. ஒன்றை வாங்கிவந்தாள். நாலு தடித்த சக்கரத்தோடு காட்டுப் பாதையில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் அது. எங்கள் மாடிவீட்டில் நிறுத்த இடமில்லை, கொட்டாஞ்சேனையில் மெக்கானிக் முஸ்அப்பின் கராஜில் நிற்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு லொறியில் ஏற்றிக்கொண்டு அவளோடு ஏ.டி.வி. ஓட்டுகிற கூட்டத்தோடு போவோம். அவள் ஓட்டுவாள், நான் பின்னால் உட்காருவேன். விழுந்தால் யார் பிடிப்பது?

போன முறை பெரிய ஏற்றத்தில் வண்டி மூச்சடைத்து நின்றுவிட்டது. நாலு பேர் வந்து தள்ளினார்கள். "பயப்படாதீங்க அக்கா, நாங்க இருக்கிறம்" என்றாள் கூட்டத்தில் சின்னவள் றஷ்மி. சுதர்சினியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தை மீறி எனக்குக் கேட்டது.

மறுநாள் மேசையில் ஒரு தாளை விரித்தாள். முழுக்க எண்கள்.

"அடுத்த முறை ஒருத்தரும் என்னைத் தள்ளக் கூடாதுங்க. தள்ளித்தான் ஏறணும்னா வண்டிய வித்துடுவேன்."

செயின் ஓடுகிற பல்சக்கரங்கள் இரண்டு. முன்னால் சின்னது, பன்னிரண்டு பல். பின்னால் பெரியது, முப்பத்தாறு பல். பின்னால் இரண்டு பல் கூட்டினால் வேகம் குறைந்து இழுவை கூடும். முன்னால் கூட்டினால் வேகம் கூடி இழுவை குறையும். வகுப்பில் சொல்வதுபோல இரண்டு தரம் சொன்னாள். எனக்கு விளங்கியது என்றுதான் தலையாட்டினேன்.

"எனக்குப் பின்னேரம் வரைக்கும் வகுப்பு. நீங்க முஸ்அப்புக்கு போன் பண்ணி, பின்னுக்கு ரெண்டு பல் கூட்டச் சொல்லுங்க."

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒரு காலை வைக்கவே இடமில்லை. ஒரு கையில் கம்பி, மறு கையில் போன். "ரெண்டு பல் கூட்டணுமாம் முஸ்அப்" என்றேன். அவன் என்னவோ கேட்டான். அதே நேரம் கண்டக்டர் என் முதுகில் தட்டி "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட!" என்று சிங்களத்தில் கத்தினான். முன்னுக்குப் போகவாம்! முன்னுக்கு எங்கே போவது, டிரைவரின் மடிக்கா? எனக்குத் தலைக்கேறிவிட்டது. "சரி, சரி, இஸ்ஸரஹட்ட!" என்று அவனுக்குமேல் கத்தினேன். போனில் முஸ்அப் "சரி அண்ணன்" என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை வண்டியைப் பார்க்கப் போனேன். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒரு சுற்று ஓட்டினேன். பறந்தது. எனக்கு நல்ல சந்தோஷம். கழற்றிய பழைய சாமானைப் பையில் போட்டு, "வைச்சிக்கோங்க அண்ணன், உதவும்" என்று முஸ்அப் தந்தான். நான் திறந்தும் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை, அதே ஏற்றம். கால்வாசி ஏறவில்லை, வண்டி இருமி நின்றது. போன முறையைவிட மோசம். கீழே நின்றவர்கள் ஓடி வந்தார்கள். "ஒருத்தரும் தொடாதீங்க" என்றாள் சுதர்சினி. அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வண்டியைச் சமதரைக்கு இறக்கினாள். இறங்கி, குனிந்து, விரலால் பற்களை எண்ணினாள்.

"முன்னுக்குப் பதினாலு. யாரு சொன்னது?"

நான் முஸ்அப்புக்கு போன் எடுத்துப் பாய்ந்தேன்.

"அண்ணன், முன்னுக்கா பின்னுக்கா எண்டு நான் கேட்டேன் தானே. நீங்க தான் இஸ்ஸரஹட்ட எண்டு சத்தம் போட்டீங்க. கோபமா இருந்தீங்க, அதால திரும்பக் கேக்கல்ல."

சத்தம் வெளியே கேட்கிற போன் அது. எல்லாருக்கும் கேட்டது. எனக்கு முகம் சுட்டது. லொறியில் கிடந்த முஸ்அப்பின் பையைத் திறந்தேன். உள்ளே பழைய பன்னிரண்டு பல் சக்கரம் இருந்தது.

அவள் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். மூடியைக் கழற்றி, செயினைப் பிரித்து, பதினாலைக் கழற்றிப் பன்னிரண்டை மாட்டினாள். தளர்ந்த செயினைப் பின் அச்சை நகர்த்தி இறுக்கினாள். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தரம் பிழையானதைக் கொடுத்தேன்.

"இது பழைய கணக்குத்தானே சுதா. போன முறை ஏறலையே?"

கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "போன முறை நீங்க பின்னால இருந்தீங்க."

"அதுக்கு?"

"எண்பத்தெட்டு கிலோ. ரெண்டு பல்லவிட நீங்க பாரம். அன்னைக்கே கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"பின்ன எதுக்கு பல்லக் கூட்டச் சொன்ன?"

"உங்கள இறங்கச் சொல்ல மனசு வரல."

கோபம் வந்தது. ஆனால் இந்த முறை காது கேட்டது. அவள் விழுந்துவிடுவாளோ என்ற பயம்தான் எனக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் தேவைப்படாமல் போய்விடுவேன் என்ற பயமும் அதற்குள் இருந்திருக்கிறது.

நான் விலகி நின்றேன். அவள் தனியாக ஏறினாள். பாதியில் பின்சக்கரம் சேற்றில் வழுக்கியது, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. என் கால் தானாக முன்னே போனது. "அண்ணா, தள்ளுவமா?" என்று றஷ்மி கேட்டாள். "தொடாதே" என்றேன். சுதர்சினி மற்றப் பக்கம் உடலைச் சாய்த்துக் கைப்பிடியை முறுக்கினாள். சக்கரம் கல்லைப் பிடித்தது. வளைவில் அவள் மறைந்தாள். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஹோர்ன் சத்தம், நீளமாக.

நான் நடந்து ஏறத் தொடங்கினேன். பாதி வழியில் மூச்சு வாங்கி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே அவள் வண்டியில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்தாள்.

"இஸ்ஸரஹட்ட யன்ன! இஸ்ஸரஹட்ட!" என்று கத்தினாள்.

ஒருத்தரும் என்னைத் தள்ளவில்லை. முன்னுக்குப் போனேன்.