நாலாவது தளம் பட்டியலில் இல்லை

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகையின் வீட்டுப் பராமரிப்புப் பக்கத்துக்குக் கட்டுரையாகத்தான் பிறந்தது. "வீடு சுத்தம் செய்ய ஆள் வைத்தால் என்னென்ன வேலைகளை எதிர்பார்க்கலாம்? பத்துக் குறிப்புகள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்றார் ஆசிரியர். ஏழு குறிப்புகளை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். தரை பெருக்கித் துடைப்பது, குளியலறை தேய்ப்பது, அடுப்பு மேடையின் பிசுக்கு எடுப்பது, தூசி தட்டுவது, ஜன்னலின் உள்பக்கம் துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, குப்பையைப் பிரித்து வைப்பது. எட்டாவதில் பேனா நின்றது.

அன்று புதன்கிழமை. புதன்தோறும் என் வீட்டுக்கு பி-யுன் வருவார். ஐம்பத்தேழு வயது. நாலு மணி நேரம் வேலை, நடுவில் ஒரே ஒரு தேநீர். தொழில் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஏன் மோட்டுவளையைப் பார்க்க வேண்டும்? எட்டாவது என்ன போடலாம் என்று அவரிடமே கேட்டேன்.

மாப்பைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "எட்டாவது ஒண்ணு இருக்குங்க. ஆனா நீங்க அதை அச்சுல போட மாட்டீங்க."

ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னார். கட்டுரை அங்கேயே செத்தது. பத்துக் குறிப்புகளையும் வேறொருவர் எழுதி, படத்தோடு வந்துவிட்டது. படத்தில் ஒரு பெண் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். கழிப்பறை தேய்க்கும்போது அப்படிச் சிரித்த யாரையும் நான் பார்த்ததில்லை.

2

தொடக்கம் ஒன்று: "தைனான் நகரில் அன்று காலையிலிருந்தே மழை—"

தெற்குத் தைவானில் இருக்கும் எங்கள் ஊரில் ஜனவரியில் மழை வருவதே அபூர்வம். வாசகர்களுக்கு மழை பிடிக்கும் என்பதற்காகப் பெய்ய வைத்தேன். நிறுத்திவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "பி-யுன் ஏழை. ஆனால் நேர்மையானவள்."

இந்த 'ஆனால்' இங்கே என்ன செய்கிறது என்று பி-யுன் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. தவிர, அவருடைய ஸ்கூட்டர் என்னுடையதைவிடப் புதிது. அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: படிக்கட்டு. இதுதான் சரி. இந்தக் கதையில் எல்லாமே படிக்கட்டில்தான் ஏறி வருகிறது.

3

குவோ குடும்பத்து வீடு சந்தின் முனையில் ஒல்லியாக, நாலு தளமாக நிற்கும். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. இரண்டாவது தளத்தில் சமையலறையும் குவோ அம்மாவின் அறையும். மூன்றாவதில் மகன் போ-ஷுன், மருமகள் யூ-ஷான், அவர்கள் மகள். நாலாவதில் சாமி மேடை. கண்ணாடிக் கூண்டில் சாமிகள், பக்கத்தில் குவோ முன்னோர்களின் பெயர்ப் பலகை, இரண்டின் முன்னாலும் ஊதுபத்திச் சட்டி.

ஆறு வருடத்துக்கு முன் பி-யுனை வேலைக்கு எடுத்தவர் குவோ அம்மா. வாரம் இரண்டு நாள், இரண்டாவது, மூன்றாவது தளங்கள் மட்டும், ஆறு வேலைகள். குவோ அம்மா தன் கையாலேயே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார். அதோடு நிற்காமல், சந்து முழுக்க "பி-யுன் மாதிரி ஆள் கிடைக்காது" என்று சொல்லி வைத்தார். அந்த ஒரு வாய்ச்சொல்லில் பி-யுனுக்கு அதே சந்தில் இன்னும் ஐந்து வீடுகள் கிடைத்தன. அவருடைய பிழைப்பு மொத்தமும் அந்தக் கிழவியின் நாக்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு திரும்பினால் ஆறு வீடும் போகும்.

ஆறு வேலைகள் என்றேனே, அது காகிதத்தில். காகிதத்துக்கு வெளியே 'அப்படியே கையோட' என்று ஒரு சொல் இருக்கிறது. அக்கா, அப்படியே கையோட நாயைக் குளிப்பாட்டிடுங்க. அப்படியே கையோட பார்சல் வந்தா வாங்கி வெச்சிடுங்க. அப்படியே கையோட இந்த நாலு சட்டையை இஸ்திரி போட்டுடுங்க. யாரும் இதை வேலை என்று சொல்வதில்லை. கை ஏற்கெனவே அங்கே இருக்கிறது, சும்மா இருப்பானேன் என்ற நல்லெண்ணம்தான்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: எங்கள் ஊரில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். வீட்டுக்காரர்களே பையோடு தெருவில் நின்று போட வேண்டும். குவோ வீட்டில் பாட்டுக் கேட்டதும் எழுந்து ஓடுபவர் பி-யுன் மட்டும்தான். மற்றவர்களுக்குக் காது கேட்காது என்று நான் எழுதியிருந்தேன். வீட்டில் பாதிப்பேர் கண்ணாடி விற்கிறவர்கள், காதை இழுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.)

4

சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் இருபத்து நாலாம் தேதி, புத்தாண்டுக்குச் சில நாள் முன்னால், சாமிகள் மேலோகத்துக்குக் கிளம்புவார்கள். வருடம் முழுக்க இந்த வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று மேலே அறிக்கை கொடுக்கப் போகிறார்கள். போகிறவர்களின் நாவில் நல்ல வார்த்தை வர வேண்டுமென்று மிட்டாய் படைத்து அனுப்புவோம். அவர்கள் ஊரில் இல்லாத இந்த நாட்களில்தான் மேடையைச் சுத்தம் செய்யலாம். அதிலும் சட்டியை மட்டும் அசைக்கக் கூடாது. பழைய சாம்பலைக் கரண்டி கரண்டியாக அள்ள வேண்டும். சட்டி நகர்ந்துவிட்டால் அந்த வருடம் வீட்டில் எது கெட்டாலும் அதன் கணக்கில்தான்.

முப்பது வருடமாகக் குவோ அம்மாதான் அதைச் செய்துவந்தார். இந்த வருடம் மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம். "படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். போ-ஷுன், நீ பண்ணு. நீதான் மூத்தவன்" என்றார். போ-ஷுனுக்குக் கடையில் ஆள் இருந்தது. மனைவியைப் பார்த்தான். யூ-ஷானுக்குப் பல் மருத்துவமனை வேலைக்கு நேரமாகிவிட்டது. அவள் பி-யுனைப் பார்த்தாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரே ஒரு வேலை கூட. மேல சாமி மேடையை அப்படியே கையோட..."

"அது என் கை படற இடம் இல்லைம்மா."

"சாமிங்கதான் ஊர்லயே இல்லையே! காலையிலேயே அனுப்பி வெச்சாச்சு."

"சாமிங்க போயிட்டாங்க. உங்க மாமனார் போகலையே? அவரு, அவங்கப்பா, தாத்தா எல்லாரும் அங்கதானே உக்காந்திருக்காங்க. யாரு இது, நம்ம மேசையில கை வெக்கிறதுன்னு கேட்டா நான் யாருன்னு சொல்லட்டும்? மருமகளா, மகளா?"

"ஜோக்கா அக்கா?"

"பட்டியலைப் பாருங்கம்மா. நாலாவது தளம் அதுல இல்லை."

யூ-ஷான் பட்டியலைப் பார்க்கவில்லை. அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்த கணவனை நோக்கிக் கத்தினாள்: "உங்க அப்பா, உங்க சாமி, நீங்களே பாத்துக்குங்க!"

(யூ-ஷானை முதல் வரைவில் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். கையில் பச்சை ஜேட் கல் வளையல், குரலில் விஷம். அது எனக்குச் சுலபமாக இருந்தது. உண்மையில் அவள் தினமும் பத்து மணி நேரம் பல்வலிக்காரர்களிடம் சிரிக்க வேண்டிய வேலையில் இருக்கிறாள். வளையலைக் கழற்றிவிட்டேன். விஷம் கொஞ்சம் இருக்கட்டும்.)

5

போ-ஷுன் வேறு வழியில்லாமல் ஏறினான். நாற்பத்தோரு வயது, ஒரு கையில் கைப்பேசி, அதில் 'சாமி மேடையைச் சுத்தம் செய்வது எப்படி' என்று ஒரு காணொளி. "அக்கா, வாளி மட்டும் தூக்கிட்டு வந்து நில்லுங்க, போதும்." வாளி தூக்குவது பட்டியலில் உண்டு. பி-யுன் போனார்.

"கரண்டியில அள்ளுங்க தம்பி. அவசரப்படாதீங்க."

"கீழ ஒருத்தர் கண் பரிசோதனைக்கு உக்காந்திருக்காருக்கா. இப்படி அள்ளினா அவருக்குக் கண்ணே போயிடும்."

நாலு கரண்டி அள்ளினான். ஐந்தாவதில் பொறுமை போயிற்று. மேசையில் சட்டியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு வளையமாகப் படிந்திருந்தது. அதைத் துடைக்கத் தோன்றியது. துடைக்க வேண்டுமென்றால்—

பி-யுன் "தம்பி!" என்றார்.

அதற்குள் முன்னோர்களின் சட்டி அவன் இரண்டு கையிலும் இருந்தது. சாம்பலோடு, எரிந்த ஊதுபத்திக் குச்சிகளோடு, குவோ தாத்தா காலத்திலிருந்து ஒருமுறைகூட மேசையை விட்டுப் பிரியாத பித்தளைச் சட்டி. அவன் முகம் வெளுத்தது. திரும்ப வைத்தான். இரண்டு விரல் தள்ளி வைத்தான். பழைய வளையம் பாதி நிலாபோல வெளியே தெரிந்தது.

6

கீழே கைத்தடிச் சத்தம் கேட்டது.

குவோ அம்மா டாக்டர் பேச்சைக் கேட்கும் ரகம் இல்லை. இரண்டாவது தளத்திலிருந்து ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு தட்டு.

"அக்கா" என்றான் போ-ஷுன், தொண்டைக்குள். "நீங்கதான்னு சொல்லிடுங்க."

"எது நான்தான்?"

"துடைக்கறப்போ தெரியாம நகர்த்திட்டீங்கன்னு. அம்மா உங்களை ஒரு நாள் திட்டுவாங்க. என்னைன்னா சாகற வரைக்கும். உங்களுக்கே தெரியும்."

"ஒரு நாளா? உங்க பொண்ணுக்குப் பரீட்சையில குறைஞ்சா நான். கடையில ஈ ஓட்டுனா நான். உங்கம்மாவுக்கு இன்னொரு முட்டி வலிச்சாலும் நான்தான். இந்தச் சந்துல எவன் தும்மினாலும் என் பேரைச் சொல்லித் தும்முவான்."

"நீங்க வெளியாளு அக்கா. உங்க மேல முன்னோர்களுக்கு என்ன கோவம் வரப்போகுது?"

"அவங்களுக்கு வராது. ஆறு வீட்டுக்கு வருமே."

தட்டு. மூன்றாவது தளம் வந்தாயிற்று. "அத்தை, ஏறாதீங்க, சொன்னா கேளுங்க!" என்ற யூ-ஷானின் குரலும் சேர்ந்து ஏறியது.

"சரி, திருப்பிச் சரியா வெச்சாவது குடுங்க. உங்க கண்ணளவு சுத்தமா இருக்கும்."

தொட்டால் அவர் கைதான் கடைசிக் கை. பி-யுன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆறு வருடத்தில் அந்த வீட்டில் அவர் கை சும்மா இருந்தது அப்போதுதான்.

யூ-ஷான் முதலில் வந்தாள். மேசையைப் பார்த்தாள். சாம்பல் அப்பிய கணவனின் கைகளைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு பி-யுனைப் பார்த்தாள். போ-ஷுன் ஏற்கெனவே பி-யுனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே.

குவோ அம்மா வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. முப்பது வருடம் துடைத்த மேசை. அந்த அரை வளையத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு மகன் கடைக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"யாரு நகத்துனது?"

7

பி-யுன் இங்கே வரை சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார். நாலு மணி நேரம் முடிந்திருந்தது.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றேன்.

"கதை சொல்றது நம்ம பட்டியல்ல இல்லைங்களே" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த புதனும் கேட்டேன். "நீங்கதான எழுதறவரு" என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகவே நானே முடித்துப் பார்த்தேன்.

முடிவு அ: பி-யுன் உண்மையைச் சொல்கிறார். போ-ஷுன் மண்டியிடுகிறான். குவோ அம்மா பி-யுனின் கையைப் பிடித்து "நீதான் என் மகள்" என்கிறார். கண்ணீர். எட்டு மணித் தொடருக்கு அனுப்பலாம். மகளாக்கிவிட்டால் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு வசதி.

முடிவு ஆ: குவோ அம்மா சிரிக்கிறார். "அட, முப்பது வருஷமா நானும் தூக்கித்தான்டா துடைக்கிறேன்! பின்னே அடியில எப்படித் துடைக்கிறதாம்?" இதை எழுதிவிட்டு இரண்டு நாள் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே படி இறங்குகிறார்கள். கைத்தடி ஏறி வந்த நேரத்தில் போ-ஷுன் பி-யுனிடம் என்ன கேட்டான் என்பது மேலேயே கிடக்கிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் உட்பட. கிழித்துவிட்டேன்.

முடிவு இ: "நான்தாம்மா" என்கிறார் பி-யுன்.

இதை எழுதப் பத்து நிமிடம்தான் ஆனது. ஒரு வரிகூட அடிக்கவில்லை. குவோ அம்மா எப்படித் திட்டுவார், சந்தில் ஐந்து வீடுகளும் எப்படி ஒவ்வொன்றாக "அடுத்த வாரம் வர வேண்டாம், ஊருக்குப் போறோம்" என்று சொல்லும், எல்லாம் தானாக வந்து விழுந்தது. மற்ற இரண்டுக்கும் அப்படித் திணறிய எனக்கு இது மட்டும் ஏன் இவ்வளவு சரளமாக—

8

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்த நோட்டு போன வாரம் இரண்டு நாள் காணவில்லை. மேசையில் இல்லை, படுக்கையில் இல்லை. 'புதன்கிழமை துடைக்கும்போது பி-யுன்தான் எங்கேயோ' என்று நினைத்தேன். சொல்லவில்லை, நினைத்தேன். இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கும்போதே நினைத்தேன். நோட்டு குளிர்சாதனப் பெட்டியில் முட்டைத் தட்டின் மேல் கிடைத்தது. தண்ணீர் எடுக்கப் போனபோது வைத்தது நான்.

அதனால் முடிவு எழுத என்னை நம்பாதீர்கள். என் கை எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துவிட்டது.

குவோ அம்மா இன்னும் நாலாவது தளத்து வாசலில் கைத்தடியை ஊன்றி நிற்கிறார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் எழுத ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். நல்லவராக யோசித்து எழுத வேண்டாம். உங்கள் வீட்டில் கடைசியாக ஒரு பொருள் உடைந்தபோது, அல்லது வைத்த இடத்தில் இல்லாதபோது, எந்தப் பெயர் முதலில் உங்கள் வாயில் வந்ததோ, அதை மட்டும் எழுதுங்கள்.

"யாரு நகத்துனது?"

"_____________"