எலாஸ்டிக்கில் தொங்கிய வால்வு

எங்காவது ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் ஸ்பேனருக்கு அன்றைக்குத் தூக்கம் போச்சு. அவன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர் அது. சாப்பிடப் போன இடத்தில் மேசை ஆடினால் சாப்பாட்டை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் புகுந்துவிடுவான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்காமலேயே அவர்கள் கதவுக் கீலை முறுக்கிவிட்டு வருவான். "தொங்குற பெட்டிக்குள்ள மனுஷன் நிக்கிறான். தளர்வா விடறதும் கொலை பண்றதும் ஒண்ணுதான்" என்பான். லிஃப்ட் வரையில் அது சரிதான்.

அவன் மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ரேடியோ. ஆயத்த ஆடை தைக்கும் கூடத்தில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். சாப்பாட்டு நேரத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையை உரக்க வாசிப்பாள். கூடம் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்கள் வாயில் போட்டதை மெல்லவும் மறந்து கேட்பார்கள். அப்புறம் கூடத்தை மூடிவிட்டார்கள். தைக்க வேறு இடம் கிடைக்காமல் இல்லை. ஆனால் அவளுக்கு இனிமேல் தைக்க வேண்டாம், வாசிக்க வேண்டும் என்று மனசு விழுந்துவிட்டது.

ஒலிப்புத்தகம் போடும் நிறுவனம் ஒன்று வீட்டிலிருந்தே வாசிக்க ஆள் தேடியது. அவள் ஒரு மாதிரியைப் பதிவு செய்து அனுப்பினாள். "குரல் நன்றாக இருக்கிறது. பின்னணியில் ஓயாத இரைச்சல். சரிசெய்து இன்னும் ஒரே ஒரு முறை அனுப்பலாம்" என்று பதில் வந்தது. கடைசி நாளும் குறித்திருந்தார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து அது வேண்டும் இது வேண்டும் என்று அவள் கேட்டதே கிடையாது. இப்போது, "எனக்கு இந்த வேலை வேணுங்க" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஸ்பேனருக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு குளிர்சாதனக் கிடங்கு. அதன் மோட்டார்கள் ஓடுகிற கரண்ட்தான் இவர்கள் வீட்டுக்கும் வருகிறது. ஒலியைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப் பெட்டியில் மைக்கைச் செருகி, பெட்டியைச் சுவரில் செருகினால் போதும், ஹெட்போனில் 'ங்ங்ங்' என்று ஆரம்பித்துவிடும். "கரண்ட் விஷயமா? என்கிட்ட விடு" என்று ஸ்பேனர் மார்தட்டினான். எர்த் ஒயரை மாற்றினான், பிளக்கை மாற்றினான், ஒரு விடுமுறை நாள் முழுக்கச் சுவரோடு மல்லுக்கட்டினான். இரைச்சல் அசைந்து கொடுக்கவில்லை. போதாக்குறைக்குப் புதிதாக ஒரு 'கிர்ர்' வேறு சேர்ந்துகொண்டது.

"சரி விடுங்க. சுவத்துக் கரண்டே வேண்டாம்" என்றாள் ரேடியோ. "பேட்டரியில ஓடுற மாதிரி ஒரு ப்ரீஆம்ப் நானே கட்டிக்கிறேன். வால்வு வச்சது."

"வால்வா? அந்தக் காலத்து ரேடியோவுல இருக்குமே, கண்ணாடிக் குமிழு, அதுவா? அதுக்கு லாரி பேட்டரியில்ல வேணும்!"

"இது சின்னது. டார்ச் லைட் பேட்டரி ஒண்ணுல சூடாயிடும். மேல ஓட்டறதுக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி அஞ்சாறு, வரிசையா கோத்துட்டா போதும். குரலுக்குக் கொஞ்சம் சதைப்பிடிப்பு வருமாம்."

"யாரு சொன்னா?"

"இதையே பொழப்பா வச்சிருக்கிறவங்க சொன்னாங்க" என்று கைபேசியைக் காட்டினாள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்துகொண்டு இதைக் கட்டுகிறவர்கள் வரைந்த படங்களையெல்லாம் அவள் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தாள். ஸ்பேனர் சிரித்தான். சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

தபாலில் வால்வு வந்தது. சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. காசு கொடுத்து ஏமாந்துவிட்டாளே என்றுதான் முதலில் நினைத்தான். அப்புறம் அவள் வேலை செய்வதைப் பார்க்க ஆரம்பித்தான். பார்த்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. ஒயர்களைப் பற்றவைக்க ஈயம் வைப்பதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் நாள் நாலைந்து இடத்தில் குழப்பினாள், விரலைச் சுட்டுக்கொண்டாள், மூன்றாம் நாளே ஒவ்வொரு பற்றும் கடுகு மாதிரி உருண்டு பளபளத்தது. ஒயர்களை அவள் டேப் போட்டு ஒட்டவில்லை. மெழுகு தடவிய நூலை எடுத்து, சட்டைக்குக் காஜா எடுப்பதுபோல முடிச்சு முடிச்சாகப் போட்டுக் கட்டினாள். ஒரு ஒயர்கூடத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. இத்தனை வருஷம் லிஃப்ட் கன்ட்ரோல் பெட்டிகளைத் திறந்து மூடியவன், இப்படி ஒரு கட்டு வேலையை எங்கேயும் பார்த்ததில்லை.

பெட்டிக்கு ஒரு பிஸ்கட் தகர டப்பா. உள்ளே கம்பளித் துணி ஒட்டினாள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குப் பழைய கோட்டின் பெரிய கறுப்புப் பொத்தான். அதோடு விட்டாளா? வாசித்துப் பார்ப்பாள், "ச வர்ற இடமெல்லாம் சீறுது" என்பாள், ஒரு கெபாசிட்டரைக் கழற்றி வேறொன்றைப் போடுவாள், மறுபடியும் வாசிப்பாள். துணி போட்டுப் பார்த்துத் தோளில் ஒரு நூல் பிரித்து ஒரு நூல் சேர்க்கிற அதே பொறுமை. கடைசியில் ஒரு நாள் அவன் காதில் ஹெட்போனை மாட்டினாள். "என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலையே. ஆன் பண்ணலையா?"

"ஆன்லதான் இருக்கு."

ஸ்பேனர் ஹெட்போனைக் கழற்றி மறுபடியும் மாட்டிப் பார்த்தான். இரைச்சல் போன இடம் தெரியவில்லை. என் பெண்டாட்டி சாதாரணப்பட்டவள் இல்லை என்று மறுநாள் வேலைக்குப் போன இடமெல்லாம் தம்பட்டம் அடித்தான். லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் பாவம், அவர்களிடமும் சொன்னான்.

வினை அந்தப் பெருமையில்தான் வந்தது. மாதிரி அனுப்ப வேண்டிய கடைசி நாள், விடுமுறை. அவள் காலையில் சந்தைக்குப் போயிருந்தாள். அந்த நூல் கட்டு வேலையை இன்னொரு முறை கண்குளிரப் பார்க்கலாமே என்று ஸ்பேனர் டப்பாவைத் திறந்தான். வால்வு செருகியிருந்த சாக்கெட், டப்பாவின் நடுவில், நாலு எலாஸ்டிக் துண்டில் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவு அழகாகக் கட்டியவள் முக்கியமான இடத்தில் இப்படிக் கோட்டை விட்டிருக்கிறாளே! பாவம், நட்டு போல்ட்டெல்லாம் அவளுக்கு என்ன தெரியும், நாம் எதற்கு இருக்கிறோம் என்று கருவிப்பையை எடுத்தான். எலாஸ்டிக்கை வெட்டிக் குப்பையில் போட்டான். டப்பாவில் துளை போட்டு, சாக்கெட்டை வைத்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு, கழன்றுவிடாமல் இருக்கத் திருகுப் பசையும் தடவி, முடிந்த மட்டும் முறுக்கினான். ஆட்டிப் பார்த்தான். மலைபோல் நின்றது.

மத்தியானம் அவள் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து மைக்கை வைத்தாள். தொங்கும் துணிகளுக்கு நடுவே எதிரொலி இருக்காது. முதல் வரியிலேயே நிறுத்திவிட்டாள். ஸ்பேனர் சமையலறையில் டம்ளரைக் கீழே வைத்தான். அவள் காதிலிருந்த ஹெட்போனில் 'டிங்ங்ங்' என்று மணி அடித்தது. அவன் நடந்தான், மணி. மாடியில் யாரோ கதவைச் சாத்தினார்கள், மணி.

டப்பாவைத் திறந்தாள். "யாரு கை வச்சது?"

"நான்தான்! தொங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்ப பாரு, யானை மிதிச்சாலும் அசையாது" என்றான் முகமெல்லாம் பல்லாக.

"ஐயோ, ஸ்பேனரு!"

கோபம் வந்தால்தான் அவள் அந்தப் பெயரைச் சொல்வாள். இப்போது கோபம் மட்டும் இல்லை, குரல் உடைந்திருந்தது. "இந்த மாதிரி வால்வுக்குக் காது இருக்குங்க. உள்ள இருக்கிற கம்பி தலைமுடியைவிட மெல்லிசு. கொஞ்சம் ஆடினாலும் அந்தச் சத்தத்தையும் சேத்துப் பெருக்கிடும். அதுக்குத்தான் தொங்க விட்டேன். இறுக்கினா வீடு முழுக்க அதுக்குக் கேக்கும். எதைத் தைச்சாலும் உடம்பு அசையறதுக்கு இடம் விட்டுத்தானே தைக்கிறோம்? இதுக்கும் அப்படித்தான். என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

ஸ்பேனருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்குத் தெரியாது என்று அவனாக நினைத்துக்கொண்டதுதான் அவனை அறுத்தது. தான் முறுக்கிய போல்ட்டுகளைத் தானே கழற்றினான். பசை இறுகியிருந்ததால் ஈயம் வைக்கும் கம்பியால் சூடு காட்டிக் காட்டிக் கழற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுக்கும்போது அவள் வால்வைப் பிடித்துக்கொண்டிருந்த கை நடுங்கவே இல்லை என்பதைப் பார்த்தான்.

"எலாஸ்டிக்?" என்றாள்.

"தையல் பெட்டியில புதுசு இருக்கே."

"புதுசு விறைப்பா நிக்கும். துவைச்சுத் துவைச்சு நைஞ்சதா இருக்கணும்." அவள் கண் மெல்லக் கீழே இறங்கி, அவன் வீட்டில் போடும் அரைக்கால் சட்டையின் இடுப்பில் நின்றது.

"இதுவா? இது எனக்கு ரொம்பப் பிடிச்சது!"

"கழட்டுங்க."

எலாஸ்டிக்கை உருவிக்கொண்டு சட்டையை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். வால்வு மறுபடியும் ஊஞ்சலில் ஏறியது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தடங்கலுக்கு இனி நேரம் இல்லை. "ஹெட்போனை மாட்டிக்கிட்டு எதிர்ல உக்காருங்க" என்றாள். "பதினோராவது மாடியில பேரிங் தேஞ்சா தரையில நின்னு சொல்லுவீங்களே, அந்தக் காது இப்ப வேணும். வாசிக்கும்போது எனக்கு வெளியில வர்ற சத்தம் தெரியாது. ஏதாவது கேட்டா உடனே கையைத் தூக்குங்க, நிறுத்திட்டு அந்த வரியைத் திரும்ப வாசிக்கிறேன்."

பாவத்துக்குப் பரிகாரம் கிடைத்ததே என்று ஸ்பேனர் தரையில் உட்கார்ந்தான். ஒரு கை இடுப்பில், நழுவுகிற அரைக்கால் சட்டையைப் பிடித்தபடி. இன்னொரு கை தூக்கத் தயாராக.

அவள் ஆரம்பித்தாள். தாளைத் திருப்பியது கேட்டது. கையைத் தூக்கினான், அவள் நிறுத்தித் திரும்ப வாசித்தாள். எங்கோ குழாய் சொட்டியது, தூக்கினான். கதையில் ஒரு பெண், பல வருஷங்களுக்குப் பிறகு தான் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். வீட்டில் யாரும் இல்லை என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நிற்கும்போது உள்ளே யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம். ரேடியோவின் குரல் தாழ்ந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் எதுவுமே இல்லை, மின்விசிறி இல்லை, மோட்டார் இல்லை, அவனுடைய சொந்தப் பேச்சுகூட இல்லை. அவள் குரலை இவ்வளவு கிட்டத்தில் அவன் கேட்டதே கிடையாது. அந்தப் பெண் கதவில் கை வைத்தாள்.

ரேடியோ நிறுத்தினாள். முடிந்துவிட்டது.

மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் அவள் புருவம் நெரிந்தது. மோட்டார் சைக்கிள் ஒன்று, தெருவைக் கிழித்துக்கொண்டு போன சத்தம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

"இது கேக்கலையா உங்களுக்கு? ஏன் கையைத் தூக்கல?"

"எது?"

"வண்டிங்க! இவ்ளோ பெரிய சத்தம்!"

ஸ்பேனர் திருதிருவென்று விழித்தான். "வண்டியா போச்சு? சத்தியமா எனக்குத் தெரியல. அது கெடக்கட்டும்மா, அந்தப் பொண்ணு கதவைத் திறந்தாளா இல்லையா?"

அவள் அவனையே பார்த்தாள். நழுவிய சட்டையைப் பிடிக்கக்கூட மறந்து, இரண்டு கையையும் ஹெட்போனில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மத்தியானத்திலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் சட்டென்று இறங்கிப்போனது அவளுக்கு. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எனக்கும் தெரியாது. இத்தனை பக்கம்தான் குடுத்திருக்காங்க. வேலை கிடைச்சாத்தான் முழுப் புத்தகம் வரும்."

"அப்ப கிடைச்சே ஆகணும்" என்றான் ஸ்பேனர். "எங்க, அந்தப் பக்கத்தை இன்னொரு வாட்டி வாசி. இந்தத் தடவை எறும்பு நடந்தாலும் கையைத் தூக்குறேன்."

அடுத்த வாரம் அவன் ஒரு லிஃப்டின் கூரைமேல் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"என்னங்க, வந்துடுச்சு" என்றாள். மூச்சிரைத்தது.

"வேலையா?"

"வேலையும் வந்துடுச்சு, புத்தகமும் வந்துடுச்சு."

"திறந்தாளா?"

"இன்னும் பாக்கல. நீங்க வாங்க, சேந்து பாக்கலாம்."

கீழே காத்திருந்தவர்கள் அன்றைக்கு அந்த லிஃப்டில் இருந்து ஒரு ஆள் கத்திச் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டார்கள்.