புது பம்பர் வர ஒரு மாசம்

தட்டி நிமிர்த்தினால் இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும், புதுசுதான் வேண்டுமென்றால் மெட்ராஸில் சொல்லிவைத்து வர ஒரு மாசம் ஆகும் என்றார் சனாவுல்லா பாய். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவருடைய பட்டறை. வாசலில் என் ஆஸ்டின் கார் நின்றுகொண்டிருந்தது. முன் பம்பர் நடுவில் உள்ளே போயிருந்தது. பின் பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"இது நாப்பத்தெட்டு மாடல் முதலாளி. இம்புட்டுக் கனமான தகடு இப்ப எவன் போடுறான்? சூடுகாட்டி அடிச்சா நேரா வந்துரும். கொஞ்சம் முலாம் உரியும், அம்புட்டுத்தான். மெட்ராஸ்லயும் எவன் கார்லயோ கழட்டுனதத்தான் புதுசுன்னு சொல்லிக் குடுப்பான். ஆமா, எதுல இடிச்சீங்க?"

"லாரிக்காரன் இடிச்சுட்டான்."

"முன்னாடியும் பின்னாடியுமா?"

"ரெண்டு லாரி" என்றேன். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கத் தெரியாது இந்த மனுஷனுக்கு.

லாரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. குஜிலியம்பாறைப் பக்கம் என் தங்கை ஒச்சம்மாள் வாழ்க்கைப்பட்ட ஊர். அவள் மகள் மாயம்மாளுக்குக் கல்யாணம். அதை எனக்கு யார் சொன்னது? என் மண்டிக்கு வெங்காயம் ஏற்றி வந்த வண்டிக்காரன். "என்ன முதலாளி, தாய்மாமன் நீங்க இன்னும் இங்கனயே இருக்கீக?" என்று பல்லைக் காட்டினான். கூடப் பிறந்தவள் வீட்டுக் கல்யாணத்தை வண்டிக்காரன் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மாயம்மாள் சடங்குக்குச் சீர் கொண்டுபோன அன்று என் மச்சான் கண்ணுசாமி ஊர் கூடியிருந்த இடத்தில், "மச்சான், காரை ஓரமா எடுத்து விடுங்க, மாட்டு வண்டி போகணும்" என்றான். மாட்டு வண்டிக்காக என் கார் ஒதுங்க வேண்டுமாம். எடுத்தேன். எடுத்தவன் நேரே திண்டுக்கல் வந்துதான் நிறுத்தினேன்.

வண்டிக்காரன் சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு அந்த ஊர் எல்லை வரை போனேன். பந்தக்கால் நட்டாயிற்றா என்று தூரத்திலிருந்து பார்க்கத்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணுசாமி சைக்கிளில் வருவது தெரிந்தது. பதறிப்போய்ப் பின்னால் எடுத்தேன், எல்லைக்கல்லில் மோதியது. முன்னால் எடுத்தேன், பனைமரத்தில் மோதியது. அவன் பார்ப்பதற்குள் தப்பித்து வந்துவிட்டேன். இதுதான் அந்த இரண்டு லாரி.

இப்போது என் யோசனை எல்லாம் வேறு. பெண்ணுக்குக் கழுத்தில் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டியவன் தாய்மாமன். வெற்றிலை பாக்கோடு வீடு தேடி வந்து கூப்பிட்டால்தான் அவன் போவான். கல்யாணத்துக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது, ஒருத்தரும் வரவில்லை. காரை நிமிர்த்திப் பளபளவென்று வீட்டு வாசலில் நிறுத்திவைத்து, கல்யாணத்தன்று நானும் வீட்டிலேயே இருந்தால் தெரு என்ன சொல்லும்? தங்கச்சியே சீந்தவில்லை என்று சொல்லும். கார் பட்டறையில் கிடந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கார் இல்லை, எப்படிப் போவது என்று சொல்லிவிடலாம்.

"புதுசே வரட்டும் பாய்" என்றேன். "ஒரு மாசம் ஆனாலும் பரவாயில்லை. பழசைக் கழட்டிப் போட்டுருங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க முதலாளி. ரெண்டு நாள் வேலைதான்."

"காசு குடுக்குறவன் நான். கழட்டுங்க."

கழட்டினார். பல்செட்டைக் கழற்றி வைத்த கிழவன் மாதிரி ஆகிவிட்டது காரின் முகம்.

தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கார் பட்டறையில் கிடக்கிறது என்று பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம் போல இருந்தது. ஆனால் சாயங்காலம் மண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் யாரிடம் சொல்வது? என் வீட்டுக்காரி போய் ஐந்து வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. ஒரு ஆளுக்கு உலை வைத்து, ஒரு ஆளுக்கு வெஞ்சனம் செய்து, ரேடியோவில் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் கை அப்படியே நின்றுவிடும். சத்தம் வீட்டைத் தாண்டிப் போகும். திரும்பச் சாப்பிடுவேன். தங்கச்சி வரமாட்டாள் என்று தெரியும், இருந்தாலும் தினமும் காப்பிக்குப் பால் கூடுதலாகத்தான் வாங்கினேன். வெட்கம் கெட்ட மனசு.

அவள் வரவில்லை. கல்யாணத்தன்று விடிந்ததும் வீட்டில் இருக்க முடியாமல் பட்டறைக்குப் போனேன். யாரிடமாவது நாலு வார்த்தை பேச வேண்டும் போலிருந்தது.

"வாங்க முதலாளி. என்ன இன்னைக்கு இங்க? தங்கச்சி மகளுக்குக் கல்யாணமில்ல?" என்றார் பாய்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வெள்ளிக்கிழமை உங்க தங்கச்சி வந்துச்சே. தனியாத்தான் வந்துச்சு. பஸ்ஸ விட்டு எறங்குனதும் காரப் பாத்துட்டு உள்ள வந்துருச்சு. கையில வெத்தல பாக்குத் தட்டு. அண்ணன் காரு எப்பச் சரியாகும்னு கேட்டுச்சு. 'நான் ரெண்டு நாள்ல நிமுத்தித் தாரேன்னுதான் சொன்னேன், உங்க அண்ணன்தான் புதுசு வரட்டும், ஒரு மாசம் ஆனாலும் பரவால்லன்னுட்டாரு'ன்னு சொன்னேன். செத்த நேரம் காரையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் போயிருச்சு. ஏன், வீட்டுக்கு வரலையா?"

அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஒச்சம்மாளை எனக்குத் தெரியும். எங்கள் அப்பன் ரோஷம் அப்படியே அவளுக்கும். கல்யாணம் இருப்பது தெரிந்துகொண்டே அண்ணன் காரை முடக்கிப் போட்டிருக்கிறான், வர இஷ்டமில்லை என்று ஒரே பார்வையில் கண்டுகொண்டிருப்பாள். பாவி மகள், இரண்டு தெரு நடந்து வந்து என் மூஞ்சிக்கு நேரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன்!

"பாய், அந்தப் பழசை எடுங்க. இப்பவே தட்டி மாட்டுங்க" என்று கத்தினேன்.

"எதுக்கு? பம்பர் இல்லாட்டிக் கார் ஓடாதா? சாவியைப் புடிங்க, கெளம்புங்க!"

போகும் வழியில் பூக்கடையில் பெரிய ரோஜா மாலையாக ஒன்று வாங்கி முன் சீட்டில் வைத்தேன். அந்தக் கார் தன் ஆயுசில் அவ்வளவு வேகம் போனதில்லை.

ஊருக்குள் நுழையும்போதே பந்தலில் ஆட்கள் இலையிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டி முடிந்துவிட்டது. எங்கள் பங்காளி ஆண்டிச்சாமி புது வேட்டியும் தலைப்பாகையுமாக, தாய்மாமன் கோலத்தில் சம்பந்தியோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். என் இடத்தில் அவனை நிறுத்தியிருக்கிறார்கள். என் தங்கை பந்தல் காலோரம் நின்றவள் என்னைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

வாசலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துப்போகக் கூண்டு வண்டி பூட்டி நின்றது. காரைக் கண்டதும் மாப்பிள்ளை வீட்டார் ஆரவாரம் செய்தார்கள்.

"என்ன சம்பந்தி, வாடகைக் கார் சொல்லியிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "பம்பர்கூட இல்லாத ஓட்டைக் காரா இருந்தாலும் காரு காருதான்!"

கண்ணுசாமிக்கு முகம் செத்துப்போனது. "இல்லைங்க, இவரு வந்து..." என்று இழுத்தான். ஆண்டிச்சாமி தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். இவன்தான் தாய்மாமன் என்று காட்டி முகூர்த்தத்தையே முடித்திருக்கிறார்கள். நான் இப்போது வாயைத் திறந்தால் அவன் யார் என்று கேட்பார்கள். கூடப் பிறந்தவனை ஒதுக்கிவிட்டு ஆள் பிடித்து நிறுத்திய வீடு என்று அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வரும். போகிற வீட்டில் காலமெல்லாம் சொல்லிக் காட்டுவார்கள்.

என் நாக்கு சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்கு இருந்தது.

"ஆமாங்க, வாடகைக் கார்தான். ஏறச் சொல்லுங்க" என்றேன்.

முன் சீட்டிலிருந்த மாலையை ஒருவர் எடுத்தார். "அட, டிரைவர் காருக்கு மாலையெல்லாம் கொண்டாந்திருக்காரு!" என்று காரின் முகப்பில் கட்டினார். மாயம்மாள் ஏறும்போது என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாணார்பட்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை ஊர். அது வரை பின் சீட்டில் மாப்பிள்ளைதான் பேசிக்கொண்டு வந்தார். மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினேன்.

ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிப்போனார்கள். நான் வண்டியைத் திருப்பப் போனபோது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "டிரைவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்புங்க. காலையில இருந்து சாப்பிட்டிருக்க மாட்டாரு." வீட்டுக்குள் கால் வைத்ததும் புதுப்பெண் பேசிய முதல் பேச்சு அதுதான். பெண்கள் சிரித்தார்கள்.

பின்கட்டில் வண்டிக்காரர்களோடு எனக்கும் இலை போட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனுஷன், பக்கத்தில் வந்து நின்று விசாரித்தார்.

"நல்லாச் சாப்புடப்பா. எந்த ஊரு உனக்கு?"

"திண்டுக்கல்லுங்க."

"பிள்ளை குட்டி, அண்ணன் தங்கச்சி எல்லாம் அங்கனதானா?"

"யாரும் இல்லீங்க" என்றேன்.

பின்கட்டை ஒட்டிய அறைக்குள் மாயம்மாள் சத்தம் போட்டு அழுவது கேட்டது. "ஆத்தா அப்பன நெனச்சு அழுகுது. புதுப்பொண்ணுன்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, டிரைவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னார் அவர்.