மூன்றாவது தாள்

1

"நேத்து இங்க யாராச்சும் பெருக்கினாங்களா?"

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவர் காத்தக்கா. பள்ளி மொட்டைமாடியில் இருக்கும் காற்று இயந்திரத்துக்கு அரசாங்கம் அனுப்பும் ஊழியர். பெயர் பிள்ளைகள் வைத்தது. கேட்கப்பட்டவள் நான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இப்போது அதே பள்ளியைப் பெருக்குகிறவள். பதில் சொல்ல நான்கு நிமிடம் ஆனது. எழுத மூன்று நோட்டு ஆகிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நீல வானம் விரிந்திருந்த ஒரு காலைப்பொழுதில்"

பொய். கல் அரைக்கும் ஆலைக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. வானம் மாவு நிறம்.

இயந்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரு நாள் முழுக்க அது மூச்சை உள்ளே மட்டும் இழுக்கும். காற்று ஒரு வெள்ளைத் தாள் வழியாகப் போகும், தூசி தாளில் தங்கும். வைக்கும் முன்பும் எடுத்த பின்பும் தாளை மூடிய அறையில் ஒரு நாள் கிடத்தி நிறுப்பார்கள். கைபட்டால் கை அழுக்கும் எடையாகும் என்று இடுக்கியால்தான் தொடுவார்கள்.*

(* பெட்டியில் இன்னொரு தாளும் வரும். அதை இயந்திரத்தில் வைக்கவே மாட்டார்கள். கொண்டுவந்து கொண்டுபோவதிலேயே ஏதாவது ஒட்டுகிறதா என்று பார்க்க. தன்னையே சந்தேகப்பட ஒரு தாள்! கண்ணுக்குத் தெரியாததை நிறுக்க இத்தனை பேர் இத்தனை மரியாதையாக... மீதி எழுத வரவில்லை.)

3

வாட்ச்மேன் மாமா ஒருமுறை கேட்டார், காத்தையும் கைது பண்றீங்களா என்று. "கைது இல்லண்ணே, வாக்குமூலம்" என்றார் காத்தக்கா.

ஆலைக்கு எதிராக எங்கள் தெரு மனு கொடுத்து இரண்டு ஆண்டு. தூசி தொடர்ந்து மூன்று முறை வரம்பைத் தாண்டினால்தான் விசாரணை. இரண்டு தாள் தாண்டிவிட்டன. மூன்றாவது, நேற்றையது. படுத்தால் இருமல் என்று அம்மா உட்கார்ந்தே தூங்குகிறாள்.

இந்த இடத்தில் என் நாயகிமேல் எனக்கே எரிச்சல். இயந்திரம் ஓடும் நாளில் மாடியில் துடைப்பம் கூடாது, கிளம்பும் தூசியும் தாளில் ஏறும், ஈரத்துணிதான் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அதன் காலடியில் புறா எச்சம். தன்னோடு நின்று பேசும் ஒரே ஆளான காத்தக்கா தாள் எடுக்க அதில் மண்டியிட வேண்டுமே என்று கூசி, பரபரவென்று பெருக்கிவிட்டாள்.

4

முடிவு அ: "இல்லக்கா." தாள் போகிறது, ஆலை மூடுகிறது, அம்மா படுத்துத் தூங்குகிறாள். (கை நன்றாகவே ஓடியது.)

முடிவு ஆ: காத்தக்கா தாளைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல்

இல்லை. அவர் கேட்கிறவர்.

முடிவு இ: இடுக்கியில் தாள். வழக்கத்தைவிட அடர்ந்த சாம்பல்.

"நான்தாங்க்கா பெருக்கினேன்."

"துணியாலயா?"

"துடைப்பத்தால. மிஷினுக்குக் கீழயே."

அவர் பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"எழுதிட்டேன்னா திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணணும். தெரியும்ல?"

"தெரியுங்க்கா."

'செல்லாது' என்று எழுதினார். தெரிவித்தவர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு ஒன்று செய்தார், அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். செல்லாத அந்தத் தாளை அவர் கசக்கவில்லை. செல்லும் தாளை வைக்கும் அதே நிதானத்தோடு பெட்டியில் கிடத்தினார். புதுத் தாள் வைத்து இயந்திரத்தை ஓடவிட்டார்.

5

அவர் முகத்தில் இருந்தது கோபமா, வேறா? நான்கு வரி காலியாக விட்டிருக்கிறேன். ஆலை என்ன ஆகும் என்பதையும் நீங்களே அதில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பெட்டியைத் தோளில் மாட்டினார், தாழ்ந்த கதவுக்குக் குனிந்தார், படியிறங்கிப் போனார்.